பிரிக்காத பெட்டி

என் கணவர் எந்தக் கடையிலும் மூடிய பெட்டியை வாங்க மாட்டார். மிக்ஸியோ, இஸ்திரிப் பெட்டியோ, கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளுக்கு வாங்கும் பொம்மையோ, எதுவானாலும் கடையிலேயே பிரித்து, ஓட்டிப் பார்த்து, திரும்ப உள்ளே வைக்கச் சொல்லி, பெட்டியைக் கையில் வாங்கிக்கொள்வார். அதன் பிறகு பில் போடும் மேசை வரைக்கும்கூட அது வேறொருவர் கைக்குப் போகக் கூடாது. பொருள் கண்ணை விட்டு மறையக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

சட்டத்துக்குக் காரணம் ஒரு செங்கல். கல்யாணத்துக்கு முன்னால், துறைமுகத்துக்கு எதிரே ஒரு நடைபாதைக் கடையில் அவர் டிஜிட்டல் கேமரா வாங்கினார். கடைக்காரர் கேமராவை ஓட்டிக் காட்டினார். இவரையே ஒரு படமும் எடுத்தார். பிறகு, "இது ஷோவுக்கு வெச்சது மாமு, உனக்குப் புது பீஸ் தரேன்" என்று சொல்லித் தட்டிக்குப் பின்னால் போய், ஒட்டுப் பிரிக்காத பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். ராயபுரத்துக்கு வந்து பிரித்தால், அளவாக அறுத்த செங்கல். உள்ளே ஆடாமல் இருக்கச் செய்தித்தாள் சுற்றியிருந்தது. அது நான் பிற்பாடு வேலைக்குச் சேர்ந்த நாளிதழ். பெண் பார்க்க வந்த அன்று அவர் என்னிடம் பேசிய முதல் விஷயமே அதுதான்: "உங்க பேப்பர நான் ஏற்கெனவே ஒரு தபா நல்ல வெல குடுத்து வாங்கிகீறேன்."

துறைமுகப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. தெருவுக்கு ஒருவரிடம் இப்படி ஒரு கதை இருக்கும், சொல்லிச் சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள். இவரால் முடியவில்லை. வேலையும் அப்படி அமைந்துவிட்டது. சுங்கத்தில் சரக்கை விடுவித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் இருக்கிறார். கன்டெய்னர் கதவில் தொங்கும் சீல் உடையாமல் இருக்கிறதா, அதிலுள்ள எண்ணும் காகிதத்திலுள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்தே பொழுது போகிறது. "சீல் கீதுன்னா சீல் கீதுன்னுதான் அர்த்தம். உள்ள சரக்கு கீதுன்னு அர்த்தமில்ல" என்பார். நான் பல வருடம் உதவி ஆசிரியர் மேசையில் உட்கார்ந்து மோசடிச் செய்திகளைத் திருத்தியவள். ஏமாந்தவர்கள் எல்லோரும் போலீஸில் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: பார்த்தால் நல்லவர் மாதிரி இருந்தார். ஆக, சந்தேகம் எனக்குத் தொழில், அவருக்குக் குணம். ஒரு வீட்டுக்கு இரண்டும் கொஞ்சம் அதிகம்.

இதனால் பாதிக்கப்பட்டவள் மகள். பதினோரு வயது. எங்கள் வீட்டுக்குள் ஒட்டுப் பிரிக்காத பெட்டி ஒன்றுகூட வந்ததில்லை என்பதை அவள்தான் கண்டுபிடித்தாள். பென்சில் சீவும் மெஷின்கூட ஒருமுறை பிரிக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, நசுங்கின மூடியோடுதான் வரும். அவள் போனில் ஒரு வகை வீடியோ பார்ப்பாள். யாரோ ஒருவர் புதுப் பெட்டியை மேசையில் வைத்து, ஒட்டின் ஓரத்தில் நகத்தை நுழைத்து, மெதுவாகக் கிழித்து, கண்ணாடித் தாளை உரிப்பார். முகம் தெரியாது, கை மட்டும்தான். உள்ளே இருக்கும் பொருள் வெளியே வந்ததும் அவள் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவாள்.

அவளும், இரண்டு வயது சின்னவனான தம்பியும் ஒரே ஞாயிற்றுக்கிழமை கோவிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கினார்கள். அவள் முந்தின வருடமே வாங்கியிருக்கலாம். ஒரே விருந்தாக முடியட்டும் என்று நிறுத்திவைத்தோம். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் செய்வதுதான். வந்தவர்கள் கையில் கொடுத்த கவர்களைப் பிள்ளைகள் அம்மாவிடம் கொடுக்க வேண்டும், அம்மா "பத்திரமா வெச்சிருக்கேன்" என்று சொல்ல வேண்டும், அதன் பிறகு அந்தப் பணத்தைப் பற்றி யாரும் பேசக் கூடாது. இதுவும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். மகள் கொடுக்கவில்லை. கவர்களைத் தலையணை உறைக்குள் போட்டு, வாயைத் தைத்துவிட்டாள்.

பெரிய விடுமுறைக்குச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் என் தம்பி வீட்டுக்குப் போவதாக முடிவானபோது, அவள் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு ஒப்பந்தம் பேசினாள். ஒரு நாள் முழுக்க அவர்கள் இருவரும் கடைக்குப் போய், தங்கள் காசில், தங்களுக்குப் பிடித்ததை வாங்குவார்கள். பெரியவர்கள் கூடவே வரலாம். பேசக் கூடாது.

"வாயே தொறக்க மாட்டோம்" என்றார் கணவர்.

"மாதா மேல சத்தியம் பண்ணு டாடி."

"இதுக்கெல்லாம் எதுக்கு மாதாவ இழுக்கற? அப்பன் வார்த்தை பத்தாதா?"

"பத்தாது."

சத்தியம் செய்தார். பணத்தை டாலராக மாற்றிக் கொடுத்தபோது அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "நடுவுல ஒண்ணும் எடுக்கலியே மம்மி?" எடுக்கவில்லை. ஆனால் கேள்வி நியாயமானது.

அந்த நாள் காலையில் சிங்கப்பூரில் என் தம்பி எங்களை ரயிலில் கூட்டிப்போனான். அவனுக்கு என் கணவரைப் பற்றித்தான் பயம். ஏற்கெனவே சாங்கி விமான நிலைய வாசலில் டாக்ஸிக்காரரிடம் மீட்டரைத் துடைத்துக் காட்டச் சொன்னவர்.

"மாமா, இங்கல்லாம் அந்த மாதிரி கெடையாது. எல்லாத்துக்கும் பில், எல்லாத்துக்கும் கேமரா. ஏமாத்துனா கடைய மூடிருவான்."

"எங்க கெடையாதுங்கிறானோ அங்கதான் மச்சான் கீது."

"பசங்க முன்னாடி சொல்லாதீங்க மாமா."

"அதுங்களுக்குத் தெரியாதா இன்னா? ராயபுரத்துப் பசங்க."

கடைத்தொகுதி ஐந்து மாடி. மகன் முதல் மாடியிலேயே வேலையை முடித்துவிட்டான். அவன் வாங்கியது ஒரு கன்டெய்னர் லாரி. கதவு திறந்து மூடும், பெட்டியைத் தனியாக இறக்கிவைக்கலாம். எங்கள் வீட்டிலிருந்து டோல்கேட் போகிற வழியெல்லாம் நாளெல்லாம் வரிசைகட்டி நின்று, எங்கள் துணியிலும் ஜன்னலிலும் தூசியை அப்பிவிட்டுப் போகும் அதே லாரி. என் கணவரின் வாய் திறந்தது. மகள் திரும்பிப் பார்த்தாள். வாய் மூடியது. பெட்டியில்லாமல் கம்பிப் பின்னலில் திறந்தபடி தொங்கிய பொம்மை என்பதால் அதை அவர் பொறுத்துக்கொண்டார். ஆனால் மகன் பணம் கட்டுவதற்குள் அதைத் திருப்பி, சக்கரங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டார். அதற்குச் சத்தியத்தில் தடை இல்லை.

மகள் மூன்று மாடி ஏறினாள். எதையும் தொடவில்லை. அவளுக்கு என்ன வேண்டும் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. நான்காவது மாடியில் கேமரா, லென்ஸ் விற்கும் ஒரு சின்னக் கடைக்கு முன்னால் நின்றாள். உள்ளே கண்ணாடி மேசையில் கறுப்பாக ஒரு பைனாகுலர் இருந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் மொட்டை மாடியில் நின்றால் மீன்பிடித் துறைமுகத்துக்கு அப்பால், கடலில் கப்பல்கள் இடம் கிடைக்கக் காத்து நிற்பது தெரியும். ஏதாவது ஒன்றைக் காட்டி, அதன் பேர் என்ன என்று அவள் தினமும் கேட்பாள். "காகிதத்துல வந்தாதான் தெரியும்" என்பார் அப்பா. அத்தனை கப்பல் சரக்கையும் விடுவிக்கும் மனிதருக்கு எதிரில் நிற்கும் கப்பலின் பேர் தெரியாது என்பதை அவள் நம்பவே இல்லை. ஏதோ மறைக்கிறார் என்றே நினைத்தாள்.

கடையில் இருந்தவர் முப்பது வயதுக்காரர். எங்களைப் பார்த்ததும், "வாங்கண்ணே, ஊர்லேர்ந்தா?" என்றார். பட்டுக்கோட்டைப் பக்கமாம். தம்பி நிம்மதியானான். கணவர் என் காதருகில் குனிந்தார். "தமிழ்ல கூப்புடறான். உஷாரு."

கடைக்காரர் பைனாகுலரை மகள் கையில் கொடுத்து, சக்கரத்தைத் திருப்பக் கற்றுக்கொடுத்தார். அவள் கடை வாசலில் நின்று, நடுவில் இருக்கும் பெரிய வெற்றிடத்துக்கு அந்தப் பக்கம், இன்னொரு கடையின் கதவில் ஒட்டியிருந்த நோட்டீஸை ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தாள். வாசித்து முடித்துவிட்டு, "இது வேணும்" என்றாள்.

"சரி பாப்பா. இது டிஸ்ப்ளேல கெடந்தது. உனக்குப் புதுசு உள்ளேர்ந்து எடுத்தாரேன்."

நான் கணவரைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. கடைக்குப் பின்னால் ஒரு சாம்பல்நிறத் திரை இருந்தது. கடைக்காரர் அதை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். திரை மூடிக்கொண்டது.

கணவர் எட்டிப் பார்த்தார். "உள்ள இன்னொரு ஆளு கீறான்" என்றார். உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. எனக்கும் கேட்டது.

கடைக்காரர் பெட்டியோடு வந்தார். நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். பெட்டியின் ஒரு மூலை மழுங்கியிருந்தது. மேல்மூடியில் வட்டமான வெள்ளி ஒட்டு. அதன் ஓரம் ஓரிடத்தில் லேசாகத் தூக்கியிருந்தது. அவர் அந்த மூலையைக் கட்டைவிரலால் மறைத்துப் பிடித்திருந்தார். அல்லது பெட்டியைப் பிடிக்க வேறு இடமில்லாமல் அங்கே பிடித்திருந்தார். ஒரு செய்தியில் இந்த இரண்டில் எந்த வாக்கியத்தை விடுவது என்று முடிவெடுப்பதுதான் என் வேலையாக இருந்தது.

"தம்பி, இத்த தொறந்து காட்டு" என்றார் கணவர்.

"டாடி!"

"நான் கடைக்காரர்கிட்ட பேசறேன். உன்கிட்டயா பேசறேன்?"

"பிரிச்சுக் காட்ட முடியாதுண்ணே. ஒட்டைக் கிழிச்சா அப்புறம் விக்க முடியாது. பணம் கட்டுன பொறவு நீங்களே பிரிச்சுக்கலாம்."

"பணம் கட்டுன பொறவு." கணவர் அந்த மூன்று வார்த்தைகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். "அப்ப அதோ ஓடுதே, அந்தப் பீஸையே குடு."

கடைக்காரர் முகத்தில் உண்மையான குழப்பம். அல்லது நன்றாகப் பழகின குழப்பம். "அதுவா? அது நூறு பேரு கை பட்டதுண்ணே. கீழ ஒருக்கா விழுந்தும் இருக்கு. அதைப் போயி எதுக்கு?"

"பாத்தியா" என்றார் கணவர் என்னிடம், அவருக்கும் கேட்கும்படி. "நல்லா ஓடறதத் தள்ளி வுட்றான்."

என் தம்பி கடை வாசலுக்குப் போய் வேறு யாருடனோ வந்தவன் மாதிரி நின்றுகொண்டான்.

மகள் அந்த வெள்ளி ஒட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் அந்த வீடியோக்களைப் பார்க்கும்போது இருப்பது மாதிரி இருந்தது. கழுத்தில் தொங்கிய பையைத் திறந்து, பணத்தை மொத்தமாக எடுத்து மேசையில் வைத்தாள். "அங்கிள், இந்தப் பெட்டியத்தான் எடுத்துக்கறேன். எவ்ளோவோ எடுத்துக்கோங்க." பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "இங்க பிரிக்க மாட்டேன். யாரும் பிரிக்கக் கூடாது. வூட்டுக்குப் போயி நான்தான் பிரிப்பேன்."

"செங்கல்லு இருந்துதுன்னா இங்க திருப்பி வந்து கேக்க முடியுமா கண்ணு?"

"மாதா மேல சத்தியம் பண்ணிருக்க டாடி."

கணவர் வாயை மூடிக்கொண்டார்.

அடுத்த மாடியில் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும் அவர் கழிவறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். இலைச் சோறு ஆறிப்போகும் அளவுக்குத் தாமதமாக வந்தார். தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லையாம். கழிவறை எங்கள் மேசைக்கு நேர் எதிரில் இருந்தது. போகும்போதே என் தம்பியின் பெரிய துணிப்பையைத் தானே சுமந்துகொள்வதாக வாங்கிக்கொண்டு போயிருந்தார். அதை அன்று முழுக்கக் கீழே வைக்கவில்லை.

ஊருக்கு வந்து பயணப் பெட்டிகளைக் காலி செய்யும்போது அது அகப்பட்டது. அவருடைய லுங்கிக்குள், அதற்கு மேல் ஒரு துண்டு சுற்றி. கடையில் இருந்த அதே டிஸ்ப்ளே பைனாகுலர். புதுசின் விலையையே கொடுத்திருக்கிறார். குறைத்துத் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னாராம். அதில்தான் இவருக்கு இன்னும் சந்தேகமாகிவிட்டதாம்.

"எதுக்கு இது?"

"ஒரு ஜாக்கிரதைக்கு. பெட்டியப் பிரிச்சு உள்ள ஒண்ணும் இல்லன்னா புள்ள அழும்ல. அப்ப எடுத்துக் குடுக்கலாம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அதுகிட்ட சொல்லாத."

நான் சொல்லவில்லை. எப்படியும் அவள் அன்றைக்கே பிரித்துவிடுவாள், அத்தோடு முடியும் என்று நினைத்தேன்.

அவள் பிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரிக்கிறேன் என்றாள். ஞாயிறு வந்தது. ஸ்கூல் திறக்கட்டும் என்றாள். ஸ்கூல் திறந்தது. பெட்டி அவள் படிக்கும் மேசையில், மாதா படத்துக்குக் கீழே அப்படியே இருந்தது. கணவர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நடையைக் குறைத்தார். ஒருநாள் அதைத் தூக்கி எடை பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் தூசி தட்டுவதுபோல் பாவனை செய்தார். மகனுக்கோ ஆவல் தாங்கவில்லை. "எப்பக்கா செங்கல்லப் பாக்கலாம்?" என்று தினமும் கேட்டு உதை வாங்கினான்.

அவள் ஏன் தள்ளிப்போடுகிறாள் என்பது ஒரு மாலையில் தெரிந்தது. நான் சமையலறையில் இருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு கேட்டாள்: "மம்மி, பைனாகுலர் பெட்டிய ஆட்டுனா சத்தம் வருமா, வராதா?"

"ஆட்டிப் பாத்தியா?"

"வரல."

"நல்லா இறுக்கி வெச்சிருப்பாங்க."

"செங்கல்லயும் இறுக்கித்தானே வெச்சாங்க."

பிரிக்கும் ஆசைக்காகவே வாங்கின பெட்டி. இப்போது அதைப் பிரித்தால் யார் சொன்னது சரி என்று தெரிந்துவிடும். அதனால் அவளால் பிரிக்க முடியவில்லை. பைனாகுலரைத் தவிர வேறு ஏதோ ஒன்றையும் நாங்கள் அந்தப் பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிட்டோம்.

இதற்கிடையில் கணவருக்கு ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. காலையில் தொட்டியில் தண்ணீர் பார்க்க மொட்டை மாடிக்குப் போவார். தண்ணீர் பார்க்க அவ்வளவு நேரம் ஆகாது. பத்திரமாக வைத்திருந்த பொருளை அவராலும் சும்மா வைத்திருக்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய்வந்த உடுப்போடு மகள் மாடிக்குப் போனாள். துணி காயப்போட நான் பின்னால் ஏறிக்கொண்டிருந்தேன். கடைசிப் படியில் அவள் நின்றுவிட்டாள். கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி, கடலைப் பார்த்தபடி, கண்ணில் பைனாகுலரோடு அவள் அப்பா.

"என் பெட்டியத் தொறந்துட்டியா?"

அவர் திரும்பினார். அப்படி ஒரு முகத்தை நான் போலீஸ் செய்திப் படங்களில்தான் பார்த்திருக்கிறேன்.

"இல்லமே, இது வந்து..."

அவள் கேட்கவில்லை. கீழே ஓடினாள். பெட்டியோடு மேலே வந்தாள். வெயிலில் ஒட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். ஒட்டின் மேலிருந்து பெட்டியின் மேல் போகும்படி மெல்லிய பேனாக் கோடு ஒன்று போட்டுவைத்திருந்தாள். ஒட்டை எடுத்துத் திரும்ப ஒட்டினால் கோடு விலகிவிடும். கோடு விலகவில்லை.

கணவர் அதைக் குனிந்து பார்த்தார். அந்த நிலையிலும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை. "இத்த யாரு சொல்லிக்குடுத்தது?"

"நீதான். கன்டெய்னருக்குப் பண்ணுவாங்கன்னு சொன்ன." பிறகு அவர் கையிலிருந்ததைப் பார்த்தாள். "அப்ப இது ஏது?"

"அந்தக் கடையில ஓடிக்கினு இருந்துதே, அது."

"எப்ப வாங்குன?"

"நீங்கல்லாம் சாப்டுகினு இருக்கும்போது."

"எதுக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். நான் துணியை உதறினேன்.

"பெட்டில ஒண்ணும் இல்லன்னா நீ அழுவியேன்னு."

"இல்லன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டியா?" அவள் குரல் உயரவில்லை. "நான் ஏமாந்துட்டேன்னு?"

மகன் எப்போது வந்தானோ, லாரியைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தான். அவள் பெட்டியைத் தரையில் வைத்து மண்டியிட்டாள். வீடியோவில் வருவது மாதிரி மெதுவாக இல்லை. நகத்தை நுழைத்து ஒரே இழுப்பில் கிழித்தாள். மூடியைத் தூக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள்.

வெள்ளை நுரைப் பஞ்சு. அதற்குள் கண்ணாடித் தாள் சுற்றிய கறுப்புப் பைனாகுலர்.

"செங்கல் இல்லியா?" என்றான் மகன். அவன் ஏமாந்துபோனது அப்பட்டமாகத் தெரிந்தது.

கணவரின் கை பெட்டியை நோக்கி நீண்டது, பாதியில் நின்றது. கண் மட்டும் போய், பொருளின் அடியிலிருந்த எண்ணையும் பெட்டியின் மேலிருந்த எண்ணையும் ஒப்பிட்டுவிட்டு வந்ததை நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள். அவளே இரண்டையும் சத்தமாக வாசித்துக் காட்டினாள். ஒன்றாகத்தான் இருந்தது.

அவள் தாளை உரித்து, வாரை மாட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சுவரோரம் போய் நின்றாள். சக்கரத்தைத் திருப்பினாள். கப்பல் ஒன்று நங்கூரத்தில் திரும்பி, பக்கவாட்டைக் கரைக்குக் காட்டி நின்றிருந்தது.

"டாடி, எத்தினி கப்பல் தெரியுது உனக்கு?"

"ரெண்டு. ஒண்ணு பின்னாடி ஒண்ணு. ஒட்டிக்கினு நிக்குது. ஒரு வாரமா எல்லாமே ஜோடி ஜோடியாத்தான் வருது."

"ஒண்ணுதான் நிக்குது."

அவர் தன் பைனாகுலரைக் கீழே இறக்கி, வெறும் கண்ணால் பார்த்தார். ஒன்றுதான் நின்றது. கடைக்காரர் விழுந்திருக்கிறது என்று சொன்னது அப்போது நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

அவள் எழுத்துக் கூட்டிக் கப்பலின் பேரை வாசித்தாள். அவர் தலையாட்டினார். "நாளைக்கு ஆபீஸ்ல காகிதம் பாத்துட்டு, சரியான்னு சொல்றேன்."

"இப்பவே பாரு" என்றாள்.

அவர் கையை நீட்டினார். அவள் வாரைக் கழுத்திலிருந்து எடுக்கவில்லை. பைனாகுலரை மட்டும் மேலே தூக்கிப் பிடித்தாள், இரண்டு கையாலும். வேறு வழியில்லை. என் கணவர் மடங்கிக் குனிந்து, மகளின் தோளோடு தோளாக நின்று, கண்ணை அதில் வைத்தார்.